மாப்பிள்ளை இறங்கப்போகும் கடல்

லெச்சே,
மே மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் லொரெதானாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நான் சுகம், முழங்கால்கள் மட்டும் அந்தத் தயவுக்குக் கொஞ்சம் வெளியே நிற்கின்றன, மற்றபடி காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறேன், மாடிப்படியில் யார் கையையும் பிடிப்பதில்லை. நீயும் குழந்தை தெசாவும் மாப்பிள்ளை ஸ்டூவர்ட்டும் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன், கேட்கும்போது மாப்பிள்ளை பெயரை முதலில் சொல்கிறேன், இந்த வருஷம் அவருக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ உன் பதிலை முடித்துவிடுகிறாய், பிறகு லைன் சரியில்லை என்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கீழ்வீட்டுப் பிரீத்சியோ இந்தப் பக்கங்களைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புவான், தாள் பின்னால் தபாலில் வரும். பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு அவனுக்குப் பொழுதுபோக்கு என் காரியங்கள்தான், என்னை ஊர் ஊராகத் தன் சின்னக் காரில் கொண்டுபோனவனும் அவனே, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளைப் பங்களாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கட்டப்போவதாக எழுதியிருந்தாயே, கட்டாதே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜூலையில் ஒரு மாதம் வருகிறோம், எந்தக் கரையில் தங்கினால் நல்லது, அம்மா ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருந்தாய், கேட்ட கையோடு நீயே ஒரு பங்களாவைப் பார்த்து வைத்து அதன் படங்களையும் அனுப்பியிருந்தாய். என் வீட்டில் தங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதக் கூச்சப்பட்டிருப்பாய், நானே சொல்கிறேன், மூன்று மாடி, லிஃப்ட் இல்லை, முழங்கால் மடங்காத மனிதருக்கு என் வீடு ஆகாது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இந்த வாரத்தோடு தீர்ந்துவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வரி. ஜனவரியில் கூரைப் பனியைத் தள்ளப்போய் விழுந்த நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறு எங்கும் போகவில்லை, தடி ஊன்றி நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் திரையைக்கூட மூடி வைத்திருக்கிறார், தினமும் உப்புத் தண்ணீரில் நடந்தால் கால் தேறும் என்று டாக்டர் சொன்னதற்காக மட்டும்தான் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தார், இந்த ஒரு மாசமும் வீணாய்ப் போனால் இவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார் அம்மா என்று எழுதியிருந்தாய். ஆகவே நீ கேட்டது எந்தக் கரை அழகு என்று. நான் தேடியது அவர் தடுக்கி விழாமல் இறங்கக்கூடிய கரை எது என்று. முதல் நாளே ஆட்கள் முன்னால் வழுக்கி விழுந்தால் அந்த மனிதர் மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பமாட்டார். நான் அவரோடு பேசியது குறைவுதான், ஆனால் மானஸ்தர்களை எனக்குத் தெரியும், ஒருவரோடு நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

படத்தில் பார்த்து வீடு பிடிக்கிறவர்கள் படத்திலேயே குடியிருக்கட்டும், நான் நேரில் பார்க்கிறேன் என்று பிரீத்சியோவைக் கிளப்பினேன். காஸ்த்ரோ பக்கம் பாறை மேல் நிற்கிறது உன் பங்களா. சுத்தமாகத்தான் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன், திரைச்சீலை மட்டும் சலவை காணாதது. நீச்சல் குளத்து விளிம்பிலிருந்தே கடல் தொடங்குவதுபோல் படத்தில் தெரிந்ததே, அது படம் எடுத்தவன் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் நல்ல வாய்க்காரி. "இதோ பாருங்கம்மா கடல், கைய நீட்டுனா தொட்டுரலாம்" என்றாள். என் கை அவ்வளவு நீளமில்லை, படி எங்கே என்று கேட்டேன். பாறையில் வெட்டிய படிகள், ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம், பாதிக்கு மேல் பிடிக்கக் கம்பி இல்லை, கடைசியில் ஒரு இரும்பு ஏணி, அதற்குக் கீழே அடி தெரியாத ஆழம். அன்றைக்கு வாடைக்காற்று வேறு, அலை அந்த ஏணியைப் பிடுங்கிக்கொண்டு போகிறதுபோல் அடித்தது. மடங்காத காலோடு ஒருவர் இதில் எப்படி இறங்குவார் என்று கேட்டேன். "அவரு ஏன்மா கடல்ல இறங்கணும்? குளத்துல குளிக்கட்டும். இங்க வர்ற எல்லாரும் குளத்துலதான் குளிக்கிறாங்க, கடலு பாக்கறதுக்கு" என்றாள். குளத்தில் குளிக்க அவர் எட்மன்டனிலிருந்து கடல் தாண்டி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பும் வழியில் பிரீத்சியோ, "அந்தப் பொண்ணு பாவம்மா, நீங்க பாத்த பார்வையில அதுவே குளத்துல குதிச்சிருக்கும்" என்றான். அவனுக்கு என் முகத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊர்க்காரர்களிடம் எந்தக் கரை நல்லது என்று கேட்பதும் எந்தப் பிள்ளை அழகு என்று தாயிடம் கேட்பதும் ஒன்றுதான், அவரவர் ஊர்க் கரையைத் தவிர மற்றதெல்லாம் சாக்கடை. மீன்காரர் கல்லிப்போலிக்காரர், "வேற எங்கயும் போய்க் காசக் கொட்டாதீங்கம்மா, சூரியன் மறையறத பாக்கணும்னா எங்க ஊருதான்" என்று காகிதத்தில் மீனைச் சுற்றினார். மாப்பிள்ளை சூரியனைப் பார்க்க வரவில்லை என்று சொன்னேன். நம் பங்குச் சாமியார் ஒத்ராந்தோவில் பிறந்தவர், பூசை முடிந்து அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து, கல்லிப்போலியில் சத்தம், கூட்டம், இரவெல்லாம் பாட்டு, ஒத்ராந்தோதான் குடும்பத்துக்கு ஏற்றது என்றார். அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினேன். இருந்தாலும் கல்லிப்போலியைக் கேள்விப்பட்டதை வைத்து ஒதுக்கக் கூடாது என்று போய்ப் பார்த்தேன். பழைய ஊருக்குள் சந்துகள் அழகுதான், ஆனால் கார் வாசல் வரை போகாது, ஜூலையில் மனிதனே மனிதனை இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், வாடகைக்கு இருந்த வீடுகள் எல்லாம் மாடியில். அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே தெற்கே இறங்கினோம். பெஸ்கொலூசே வரை நீண்ட வெள்ளை மணல், குழந்தைகளுக்குச் சொர்க்கம். இறங்கி நடந்து பார்த்தேன், காய்ந்த மணலில் கைத்தடி பாதி உள்ளே போய்விடுகிறது. ஆனால் தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடந்தது, அதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் குறித்துக்கொண்டேன், இதைக் கவனமாகப் படி. காஸ்த்ரோவில் ஏணியைப் பிடுங்கிய அதே வாடைக்காற்றுதான் அன்றும் மேற்கே அடித்தது, ஆனால் அங்கே கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. வாடை அடித்தால் மேற்குக் கடலுக்குப் போ, தெற்கத்திக் காற்று அடித்தால் கிழக்குக் கடலுக்குப் போ, இந்த முனையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும், காலையில் எழுந்து கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் கடல் என்று முடிவு செய்வார்கள். உனக்குத் தெரியாததற்குக் காரணம், லெச்சே ஊர்க் கௌரவக் குடும்பங்கள் எல்லாம்போல உன் அப்பா சான் கதால்தோ கடற்கரையில் சீசன் முழுக்க உடை மாற்றும் மரக்குடில் ஒன்றையே வாடகைக்கு எடுப்பார், எடுத்துவிட்டோமே என்று வாடைக்காற்றிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு அதன் வாசலிலேயே உட்கார்ந்து அலையைப் பார்ப்போம். நாம் விடுமுறைக்குப் போனோம், சும்மா உட்காரலாம். மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும். நீ எந்தக் கரையில் வீடு பிடித்தாலும் அந்த மாதத்தில் பாதி நாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கொந்தளிக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார், எட்மன்டனில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதற்கு அது எந்த விதத்தில் மேல்? கரையில் வீடு பிடிப்பதே தப்பு என்று அன்றைக்குக் காரிலேயே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. நிலம் குறுகும் தெற்கு முனையில், இரண்டு கடலுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் காரில் கொஞ்ச நேரத்தில் இறங்கக்கூடிய ஊரில், தரைத்தளத்தில், வாசல் வரை கார் வரும் வீடு. அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அலெஸ்ஸானோவில் உன் சேசாரியா அத்தை வீடு.

உன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்த நீ மறுநாளே விமானம் ஏறிவிட்டாய், அதனால் எனக்கும் அவளுக்கும் ஏன் பேச்சில்லை என்று உனக்குப் பாதிதான் தெரியும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, உறவும் அக்கம்பக்கமும் முறை வைத்துச் சோறு கொண்டுவர வேண்டும். இங்கே மாடி வீட்டார் கொண்டுவந்தார்கள், என் தங்கை கொண்டுவந்தாள், பிரீத்சியோவின் மனைவி, அப்போது உயிரோடு இருந்தாள், சூப் கொண்டுவந்தாள். உன் அப்பா வீட்டிலிருந்து, அதாவது அவருக்கு இருந்த ஒரே உடன்பிறப்பின் வீட்டிலிருந்து, ஒரு ரொட்டித் துண்டு வரவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை நிறுத்தினேன், நான்கு வருஷமாக கிறிஸ்துமஸுக்குக்கூட வாழ்த்து இல்லை. இப்போது அவள் வாசலில் போய் நின்று வீடு கேட்க வேண்டும். உனக்காக மட்டும் என்றால் வேறு வழி பார்த்திருப்பேன். அந்த மனிதரின் காலுக்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "வாங்க அண்ணி. இன்னும் நிமிந்துதான் நடக்குறீங்க" என்றாள். வளைந்து நடக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்றேன். "அதான் தெரியுமே" என்று நாற்காலியைத் தள்ளினாள். சுற்றி வளைக்காமல் வந்த காரியத்தைச் சொன்னேன், மாப்பிள்ளை விழுந்தது, கால், காற்று, நடுவூர், எல்லாம். கேட்டுக்கொண்டே பட்டாணி உரித்தாள். நான் முடித்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு, "வீடு இருக்கட்டும். என் அண்ணன் செத்தப்ப எனக்கு ஏன் சோறு அனுப்பல?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. நான் அவளிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை அவள் எடுத்துக் கேட்கிறாள். "கூடப் பொறந்தவன் போய்ட்டான். ஒரே வயித்துல பொறந்தவ நான், நானும் துக்க வீடுதான். அடுப்ப அணைச்சிட்டு உக்காந்திருந்தேன். லெச்சேலேருந்து அண்ணி ஆளு அனுப்புவாங்க, அவங்க தங்கச்சி வருவா, யாராச்சும் வருவாங்கன்னு கதவத் தொறந்தே போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஊத்துன கஞ்சியத்தான் குடிச்சேன்" என்றாள். மனைவி இருக்கும் வீடுதான் துக்க வீடு, மற்றவர்கள் அங்கே கொண்டுவர வேண்டும் என்றேன். "பொண்டாட்டி நடுவுல வந்தவ, அண்ணி. நான் மொதல்லயே இருந்தவ" என்றாள். அப்படியானால் கல்யாணமாகிப் போன பெண் இன்னொரு வீட்டுக்காரி, முறை அப்படித்தான் சொல்கிறது என்றேன். "முறைய உங்களப் படிக்க வச்ச மடத்துச் சிஸ்டருங்க எழுதுனாங்களா?" என்றாள். நான் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும் இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டோம். ஆனால் இரண்டு வீட்டிலும் இரண்டு பெண்கள் அணைந்த அடுப்புக்கு முன்னால் ஒருத்தி சோற்றுக்காக இன்னொருத்தி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள்தான் முதலில் எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், கொண்டைக்கடலையும் பாஸ்தாவும் போட்டு, பாதிப் பாஸ்தாவை எண்ணெயில் பொரித்து மேலே தூவினாள், தட்டை என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க, நாலு வருஷம் லேட்டு" என்றாள். சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடுதல், அதைச் சொல்லவும் செய்தேன். "அப்போ நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். காரில் காத்திருந்த பிரீத்சியோவை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "ஏய் டிரைவரு, உள்ள வா, இவங்க கூட வந்ததுக்கே உனக்கு ரெண்டு தட்டு தரணும்" என்றாள். நேற்று முன்தினம் நான் ஒரு பாத்திரம் நிறைய அரிசியும் உருளைக்கிழங்கும் சிப்பியும் சேர்த்து அடுப்பில் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன், ஒருதலையாக இருப்பது எனக்குப் பிடிக்காது. அவள் சிப்பி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது என்றாள். இல்லை.

வீட்டைப் பார்த்துவிட்டேன். முற்றத்தை ஒட்டி இரண்டு அறை, கல் சுவர், ஜூலையிலும் குளிர்ச்சியாக இருக்கும், தூரினிலிருந்து அவள் மகன் ஆகஸ்டில்தான் வருவான். வாசலில் ஒரே ஒரு படி, அதற்குப் பிரீத்சியோ பலகை அடிக்கிறேன் என்றிருக்கிறான். குளியலறையில் அவள் மாமியார் கடைசிக் காலத்தில் பிடித்துக்கொள்ள வைத்த கம்பி இன்னும் இருக்கிறது, நான் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. வாடகை என்ற பேச்சை எடுத்தேன், "என் அண்ணன் மகளுக்கு நான் வாடகைக்கு விடுறதா, ஊரு காறித் துப்பும்" என்று முடித்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள், நானும் அந்த மாதம் முழுக்க அங்கே வந்து தங்க வேண்டுமாம். "அந்த வெளிநாட்டு மாப்பிள்ளகிட்ட நான் என்னத்தப் பேசறது? நீங்கதான் மடத்துல பிரெஞ்சு படிச்சவங்க" என்றாள். அவர் பேசுவது இங்கிலீஷ் என்றேன். "கடலுக்கு அந்தப் பக்கந்தானே ரெண்டும், சமாளிங்க" என்றாள். நானும் நிபந்தனை போட்டேன், சாப்பிடும்போது டெலிவிஷன் ஓடக் கூடாது, எனக்குத் தனி அறை, காபிப் பாத்திரம் என்னுடையது. டெலிவிஷனுக்கு மட்டும் அவள் இன்னும் சம்மதிக்கவில்லை, சம்மதிப்பாள்.

வீடு சரி, இனி தண்ணீர். யாரோ சொன்னார்கள் என்று உன் கணவரைக் கடலில் இறக்கமாட்டேன். இடது முழங்கால் மடங்காது என்று எழுதியிருந்தாய் அல்லவா, சேசாரியாவின் சமையலறையில் தக்காளிச் சாறு கிண்டும் நீண்ட மரக்கரண்டி இருந்தது, அதை என் இடது முழங்காலுக்குப் பின்னால் வைத்து இரண்டு துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். "அண்ணி, உங்களுக்கு எழுபத்தாறு. ஒடஞ்சா ஒட்டாது" என்றாள். கட்டு என்றேன். கட்டினாள். உன் அப்பாவின் கைத்தடியை வலது கையில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே, வாடை இன்னும் அடித்துக்கொண்டிருந்ததால், மேற்கே தோர்ரே வாதோவுக்குப் போனோம். அங்கே குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்கள் காய்ந்த மணல் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அது ஈர மணல் வரை போகிறது, ஈர மணலில் தடி புதையவில்லை, தண்ணீர் முழங்காலுக்கு வர வெகுநேரம் நடக்க வேண்டியிருக்கிறது. மே மாதத் தண்ணீர் கணுக்காலைக் கடித்தது, ஜூலையில் வெந்நீராகிவிடும். உன் அப்பா போன பிறகு நான் கடலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, கறுப்பு உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கரையில் இரண்டு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நேற்று முன்தினம் வாடை நின்று தெற்கத்திக் காற்று தொடங்கியது, அதனால்தான் சிப்பிப் பாத்திரத்தோடு போனது, கிழக்கே திரிகாசே துறைமுகத்தையும் பார்த்துவிடலாம் என்று. அங்கே படகு இழுக்கும் சிமென்ட் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது, படியே கிடையாது, உனக்கு வேண்டியது அதுதான். கரண்டியைக் கட்டிக்கொண்டு வலது ஓரமாக இறங்கினேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "என்ன பெரியம்மா, வேண்டுதலா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து சேசாரியா, "இல்லப்பா, பொண்ணு குடுத்த எடத்துக்காக" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பாசி வழுக்கியது. விழவில்லை, உட்கார்ந்தேன், இடுப்பளவு தண்ணீரில், உடுப்போடு. சேசாரியா செருப்போடு ஓடிவந்தாள், ஞாயிறு பூசைக்குப் போடும் நல்ல செருப்பு, என்னைப் பிடிக்கப்போய் அவளும் உட்கார்ந்தாள். "உங்க சிஸ்டருங்க இப்ப பாக்கணும் அண்ணி" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, நானும் சிரித்தேன், எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தெரிந்தது, லொரெதானா. வீட்டிலிருந்து அதுவரை மரக்கட்டைபோல் நான் இழுத்துக்கொண்டு வந்த அந்தக் கால் தண்ணீருக்குள் பாரமாகவே இல்லை, தானாக மேலே வந்தது. டாக்டர் சொன்னது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு வலைக்காரர் வந்து தூக்கிவிட்டார், இடது ஓரத்தில் தினமும் படகு உரசுவதால் பாசி இல்லை என்று காட்டினார், அந்தப் பக்கமாக மறுபடி இறங்கினேன், ஏறினேன், இன்னொரு முறை இறங்கினேன். வழுக்கவில்லை. சரிவின் இடது ஓரம், அங்கே இரும்பு வளையத்தில் கயிறு கட்டியிருக்கும், இடது கை அதில், வலது கையில் தடி. இதை எழுதி வைத்துக்கொள்.

சளி பிடிக்கவில்லை, கேட்காதே. வரும்போது மாப்பிள்ளைக்குத் தடியின் அடியில் மாட்டும் ரப்பர் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வா, உப்பில் சீக்கிரம் போய்விடும். தெசாவின் தலைமுடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிவிடு, இல்லையென்றால் ஒரு மாதமும் சிக்கெடுத்தே போகும், வெட்ட மனமில்லை என்றால் பின்னி அனுப்பு. போன முறை கொண்டுவந்த, உங்கள் ஊரில் மரத்திலிருந்து எடுக்கும் அந்தப் பாகு வேண்டாம், இன்னும் அலமாரியில் இருக்கிறது, எறும்புகூடச் சீண்டவில்லை. உன் அத்தைக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கி வா, அவள் கால் உன் கால் அளவுதான். நீ மெலிந்திருக்கிறாய் என்று படத்தில் தெரிகிறது, நோயாளிக்குச் செய்கிறேன் என்று நீ பட்டினி கிடப்பதை நான் மெச்சப்போவதில்லை. அவரை ஏன் எழுந்திருக்கவில்லை, ஏன் சாப்பிடவில்லை என்று துளைக்காதே. ஸ்டூவர்ட்டுக்கு ஆறுதல் சொல்லவும் வேண்டாம், அதை நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். காலையில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடு, எந்தக் கடல் என்று அவர் சொல்லட்டும், நாம் எல்லோரும் அதன்படி கிளம்புவோம்.

மாதா உன் வீட்டின் மேல் தன் முக்காட்டை விரித்து வைக்கட்டும், வழிப்பயணம் நல்லபடியாக அமையட்டும், குழந்தைக்கு நெற்றியில் சிலுவை வரைந்துவிடு, நான் வரைந்ததாக. ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்களாக்காரர்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிடு, எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி அனுப்பு, பிரீத்சியோவிடம் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நான் கரண்டி கட்டிக்கொண்டு இறங்கியதை அவரிடம் எப்போதும் சொல்லாதே. முதல் நாள் நீயும் குழந்தையும் மட்டும் அவரோடு போங்கள். நானும் உன் அத்தையும் வீட்டில் இருப்போம், ஒரு மனிதர் தள்ளாடி நடப்பதை இரண்டு கிழவிகள் கரையில் நின்று பார்க்க வேண்டாம். அவராக என்றைக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறாரோ அன்றைக்கு வருகிறோம்.

உன் அம்மா,
எர்சீலியா